குழாயடிப் பெட்டி

அந்தப் பெட்டிக்கு என்ன சத்தம் வைப்பது என்று அதைச் செய்தவர்கள் வெகுநாள் யோசித்தார்களாம். மணி வைத்தால் கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள். சங்கு வைத்தால் மில் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் கூட்டத்தில் ஒருவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, "ச்சு" என்று கொட்டிக் காட்டினார். அறையிலிருந்த அத்தனை பேரும், தாங்கள் என்ன தப்பு செய்துவிட்டோம் என்று ஒரு கணம் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். அதையே வைத்துவிட்டார்கள்.

குறைப்பெட்டி நல்லதற்குத்தான் வந்தது. பஸ்ஸில் உரசுகிறவன், கைநீட்டுகிற குமாஸ்தா, எடையில் ஏமாற்றுகிற கடைக்காரர் இவர்களைப் பற்றி எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருந்த ஜனங்களுக்குத் தெருமுனையிலும் கடைவாசலிலும் பள்ளிக்கூட கேட்டிலும் ஒரு பெட்டி. அதன் முன்னால் நின்று ஒருவருடைய பெயரைச் சொல்லி, "குறை" என்றால் போதும், அந்தப் பெயரில் ஒன்று கூடிவிடும். காரணம் கேட்காது. சொன்னது யார் என்றும் குறித்து வைக்காது. சொல்கிறவர்களுக்குப் பயம் இருக்கக் கூடாதே. எல்லோர் கழுத்திலும் பெயர்வில்லை தொங்கியது. வில்லையோடு ஒரு பெட்டியைக் கடக்கும்போது, குறை இல்லாதவர்களுக்கு அது சும்மா இருக்கும். இருப்பவர்களுக்கு 'ச்சு' கொட்டும். அதிகம் இருந்தால் அதிகம் கொட்டும்.

மரகதவல்லி கடந்தால், சுவரில் பல்லி கத்துகிற மாதிரி விடாமல் கத்தும்.

அவள் அதை முதன்முதலில் கேட்டது ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று. பள்ளிக்கூடத்தில் வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். அம்மா சண்முகத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். பெட்டி ஆரம்பித்தது. வாட்ச்மேன் குனிந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தினிக்காண்டு இருந்துக்கிட்டு என்னத்தம்மா செஞ்ச?"

நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அம்மா கையை விட்டுவிடவில்லை. ஆனால் பிடித்திருந்த விரல்கள் வேறு யாருடையவோ மாதிரித் தளர்ந்துபோயின. மரகதத்துக்கு அந்த நாளில் வேறெதுவும் நினைவில்லை. அது மட்டும் இருக்கிறது.

"பொட்டி கெட்டுப் போயிருக்கும்" என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்ததும். அப்பா அப்போது இருந்தார். ஆபீஸில் எழுதிக் கொடுப்போமா என்று கேட்டார். "வேண்டாம். நாமளாப் போயி நின்னா ஊருக்கே தெரிஞ்சிரும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுப் பேச்சியம்மா, "முன்ஜென்மத்துப் பாவம், வேற என்ன?" என்றாள். மரகதம் அதை நம்பினாள். தனக்கே தெரியாத ஏதோ ஒன்றை எப்போதோ செய்துவிட்டோம் என்ற நினைப்போடுதான் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கவே கற்றாள். யாராவது கூப்பிட்டால் முதலில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகம் ஆகிவிடும், வாய் வராது. அதை மற்றவர்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். குறை இருக்கிறவளைப் பார்த்தால் என்ன குறை என்று தேடத் தோன்றுகிறது, தேடினால் ஏதாவது கிடைத்துவிடுகிறது. டீச்சர் ஒன்று போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒன்று போட்டாள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், அந்த கேட்டைத் தினம் இரண்டு தடவை தாண்ட முடியாமல் படிப்பை நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வருவதில்லை.

அப்பா இறந்த சில வருஷத்தில் அந்தச் சட்டம் வந்தது. ஆயுளில் ஒரே ஒரு முறை, யார் வேண்டுமானாலும் தங்கள் குறையை அழித்துக்கொள்ளலாம். பெரியாஸ்பத்திரியில் துணைச் செவிலியர் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகவும் செய்தி வந்தது. ஒன்பதாம் வகுப்பு போதும். ஆனால் வாசலில் பெட்டி கத்தினால் உள்ளே விடமாட்டார்கள். மரகதத்துக்கு வயது பத்தொன்பது. பேசாமல் செய்கிற வேலை ஏதாவது உலகத்தில் இருந்தால், அது தூங்குகிற நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெட்டி ஆபீஸுக்குப் போனாள்.

அங்கே பெனிட்டா மேடம் என்று ஒருவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார்.

"அழிக்கிறதுன்னா சிலேட்டைத் துடைக்கிற மாதிரின்னு எல்லாரும் நினைச்சுட்டு வர்றாங்க. அப்படி இல்லம்மா. பெரிய பெட்டின்னு ஒண்ணு எங்கயும் கிடையாது. ஆத்துல வெள்ளம் வந்து ஒரு பெட்டி போனாலும் மத்தது வேலை செய்யணும்னு, எல்லாப் பெட்டியும் தனித்தனியா எண்ணும். தான் எண்ணினதை அடுத்ததுகிட்டச் சொல்லும். அது அதுக்கு அடுத்ததுகிட்ட."

"நம்ம தெரு மாதிரி" என்றாள் சண்முகத்தாய்.

"அதேதான்! இப்ப உங்க தெருவுல ஒரு விஷயத்தை எல்லாரும் மறக்கணும்னு வைங்க. எல்லார்கிட்டயும் போய் 'மறந்திரு'ன்னு சொல்றோம். ஒருத்தி மட்டும் அன்னைக்கு ஊர்ல இல்ல. ஒரு வாரம் கழிச்சு வர்றா. வந்ததும் என்ன செய்வா?"

"கேட்டீங்களா சேதியன்னு ஆரம்பிச்சிருவா."

"மத்தவங்க?"

"புதுசாக் கேக்குத மாதிரிக் கேப்பாளுவ."

பெனிட்டா மேடம் சிரித்துவிட்டார். "உங்களை வேலைக்கு வச்சுக்கலாம் போலிருக்கே! அதனாலதான், மறந்துட்டோம்கிறதையும் பெட்டிங்க கொஞ்ச நாள் ஞாபகம் வச்சிருக்கணும். அதுக்கு நாங்க நடுகல்னு பேர் வச்சிருக்கோம். ஒரு மண்டலம் அது நிக்கும். அதுக்குள்ள சேதி எல்லாப் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்திரும். அதுவரைக்கும் இந்தப் பேரை யாரும் எந்தப் பெட்டி பக்கத்துலயும் உச்சரிக்கக் கூடாது. உச்சரிச்சா, சேதி சேராத பெட்டி ஏதாவது பழையதை எடுத்து நீட்டிரும்."

பிறகு மரகதத்தைப் பார்த்து, "இன்னும் பத்திரமா ஒரு வழி இருக்கு. பேரையே மாத்திக்கலாம். யாருக்கும் இல்லாத பேராத் தருவோம். பட்டியல்ல இப்ப ஏந்திழைன்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

"மாத்திருவோம்" என்றாள் அம்மா. கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில். "நல்லாத்தான இருக்கு. ஏந்தி... என்னமோ. நல்லாத்தான் இருக்கு."

மரகதம் தரையைப் பார்த்தபடி தலையாட்டி மறுத்தாள். அப்பா அவளுக்கு என்று ஆசைப்பட்டுச் செய்தது அதிகமில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான். "அப்பா வச்ச பேரு" என்று மட்டும் சொன்னாள். அம்மா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மண்டலம் தொடங்கிய வீடுகளில் வாசலில் வேப்பிலை சொருகுவது ஊரில் பழக்கமாகியிருந்தது. சட்டம் சொன்னதில்லை, அம்மை கண்ட வீட்டுக்குச் செய்வதை ஜனங்களே இதற்கும் செய்துகொண்டார்கள். வருகிறவர்கள் வாய் தவறிப் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே. ஆனால் அதுவரை தெரியாதவர்களுக்கும் அந்த இலையைப் பார்த்துத் தெரிந்துபோனது. மரகதம் கதவுக்குப் பின்னாலேயே இருந்தாள். அம்மா அவளை "இந்தா", "ஏட்டி", "எம்மா" என்று கூப்பிட்டாள். பேச்சியம்மா தன் வீட்டு வாசலில் நின்று, "சம்முவத்தாயி, ஒங்க வீட்டு இது சாப்பிட்டுட்டா?" என்று கேட்பாள். பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். சண்முகத்தாய் பதிலுக்குச் சண்டைக்குப் போகாதது மரகதத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. சும்மா விடுகிற ஆள் இல்லை அவள்.

மண்டலம் முடிந்தது. அதுவரை கழற்றி வைத்திருந்த வில்லையைத் திரும்ப மாட்டிக்கொண்டு மரகதம் கடைத்தெரு முகப்பில் இருந்த பெட்டியைத் தாண்டினாள். சத்தமே இல்லை. செருப்பைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் இருப்பது எவ்வளவு காற்றோட்டமாக இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பச்சை நிறத்தில் ரிப்பன் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் விலை சொன்னபோது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தாள்.

அந்த வாரமே தெருக் குழாயடியில் நகராட்சி ஆட்கள் பெட்டி ஒன்றை நட்டார்கள். பழைய பெட்டி, கிடங்கிலிருந்து எடுத்துத் துடைத்து வர்ணம் பூசியது. அதே இடத்தில் முன்பு இருந்ததாம். மறுநாள் காலையில் மரகதம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, தானே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

பெட்டி பல்லி மாதிரிக் கத்தியது.

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மரகதம் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சாயங்காலத்துக்குள் கடைத்தெருப் பெட்டியும் கத்தியது. பஸ் ஸ்டாண்டுப் பெட்டியும் கத்தியது. ஊரிலிருந்து திரும்பிய ஒருத்தி எல்லோருக்கும் சேதி சொல்லிவிட்டாள்.

ஆபீஸுக்குத் தகவல் போய், மறுநாள் மதியம் பெனிட்டா மேடமே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்னக் கருவி. உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது.

"தப்பு எங்க மேலதான். அந்தப் பெட்டி எங்க பட்டியல்லயே இல்ல. கிடங்குல கிடந்ததால மறக்கச் சொன்ன சேதி அதுக்குப் போகல. பள்ளிக்கூடத்துல உன் பேர்ல விழுந்ததெல்லாம் சுத்தமாப் போயிருச்சும்மா. அது கொஞ்சம்தான். இப்பக் கத்துறது முழுக்க இந்தக் குழாயடிப் பெட்டியில விழுந்தது." கருவியைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "ஆனா இதுதான் எனக்குப் புரியல. பெரிய வெள்ளம் வந்த வருஷமே இந்தப் பெட்டியைக் கழட்டிட்டாங்க. அப்ப உனக்கு என்ன வயசு?"

"நான் பொறக்கலை" என்றாள் மரகதம்.

அவள் குரலே அவளுக்கு அன்னியமாகக் கேட்டது.

"இதே பேர்ல உங்க வீட்ல முன்னாடி யாராவது இருந்தாங்களா?"

சண்முகத்தாய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவ அப்பாவுக்கு அக்கா" என்றாள். "எங்க நாத்தனா. கல்யாணம் கட்டாம இங்கதான் இருந்தாவ. வெள்ளத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி காய்ச்சல்ல போயிட்டாவ. இவ பொறந்ததும், அக்கா பேருதான் வைக்கணும்னு இவ அப்பா ஒத்தக்கால்ல நின்னாவ."

பெனிட்டா மேடம் கருவியை மடியில் வைத்தார். "செத்தவங்க குறையை ஆபீஸ்லயே அழிச்சிருவாங்க. அழிச்சிருக்காங்க. அன்னைக்கு இந்தப் பெட்டி வெள்ளத்துல முங்கிக் கிடந்திருக்கு. மண்டலம் முடிஞ்சு நடுகல் போன பிறகு காயவச்சு ஓட்டிப் பார்த்தப்ப எல்லாத்துகிட்டயும் பழையதைச் சொல்லிட்டுக் கிடங்குக்குப் போயிருச்சு. அந்தப் பேரை மாட்டிக்க ஆள் இல்லாததால யாருக்கும் தெரியல. ஆறு வருஷம் கழிச்சு நீங்க அதைக் கொண்டுபோய் இந்தக் குழந்தை கழுத்துல மாட்டிட்டீங்க. பேரை மாத்திக்கிறது பத்திரம்னு நான் அன்னைக்குச் சொன்னதும் இதுக்குத்தான். நம்ம ஜனங்க செத்தவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வைப்பாங்கன்னு இதைச் செஞ்சவனுக்குத் தெரியல."

குழாயடி இருந்தது அவர்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது யார் என்று மரகதத்துக்குத் தெரியும். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மா உடை மாற்றும்போது தெரியாமல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. கோபம் வரும் என்றுதான் நினைத்தாள், கூச்சம்தான் வந்தது.

"மறுபடி அழிக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"சட்டப்படி ஒரு தடவைதான். மேல எழுதிக் கேக்கலாம். கேட்டு வர்றதுக்குள்ள உன் பயிற்சிச் சேர்க்கை முடிஞ்சிரும்." பெனிட்டா மேடம் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அழிக்கிறதை விடப் பத்திரமான வழி ஒண்ணு இருக்கு. கழிக்கிறது. கூட்டின பெட்டிக்கே போய், பேரைச் சொல்லி, 'எடுத்துக்கிட்டேன்'னு சத்தமாச் சொன்னா ஒண்ணு குறையும். அழிச்சது உசிரோட வரும். கழிச்சது வராது. எந்தப் பெட்டி தூங்கினாலும் முழிச்சாலும், கூட்டினதும் கழிச்சதும் சேர்ந்தேதான் போகும்."

"நானே போயி..."

"உன் பேருக்கு நீ சொன்னா ஏத்துக்காது. எங்க ஆபீஸ் ஆளுங்க சொன்னாலும் ஏத்துக்காது. வேற யாரு சொன்னாலும் ஏத்துக்கும்."

"அப்ப எல்லாரும் ஏன் இதைச் செய்யல மேடம்?"

பெனிட்டா மேடம் அவளை வேடிக்கையாகப் பார்த்தார். "தெருவுல நின்னு, பத்துப் பேர் கேக்க, நான் அன்னைக்குச் சொன்னது வேண்டாம், எடுத்துக்கிடுறேன்னு யாரும்மா சொல்வாங்க? பெட்டி வந்த நாள்லேருந்து அந்த வசதி இருக்கு. இந்த ஊர்ல ஒருத்தர்கூட உபயோகிச்சதில்ல." எழுந்துகொண்டார். சண்முகத்தாய் இருந்த பக்கம் திரும்பாமலே, "யாரு சொன்னாங்கன்னு பெட்டி வைக்கிறதில்ல. அதனால எங்களுக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது மரகதம் சொன்னாள்: "ஆஸ்பத்திரி இல்லாட்டா என்ன? வீட்டுலயே தையல் எடுத்துப் போடுவேன்." அம்மாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். சொன்னதும் அம்மாவின் தலை மெல்லக் கவிழ்ந்ததைப் பார்த்து, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. சண்முகத்தாய் குழம்புச் சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருந்தாள், அதில் ஒன்றுமில்லாதபோதும்.

காலையில் தண்ணீர் வந்தது. தெருவே குழாயடியில் நின்றது. மரகதம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வரிசையை விட்டு விலகிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தொண்டையைச் செருமினாள்.

"மரகதவல்லி. எடுத்துக்கிட்டேன்."

பெட்டியில் பச்சை விளக்கு மின்னி அணைந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் பெட்டிக்குத் தேவையில்லை. கூட்டும்போதே அது கேட்டதில்லை. ஆனால் சண்முகத்தாய்க்குக் காரணம் இல்லாமல் சொல்ல வரவில்லை.

"ரசத்துல உப்பு கூடன்னு எங்க வீட்டுக்காரவுகளுக்கு முன்னால வச்சு சொன்னதுக்குப் போட்டது. மரகதவல்லி. எடுத்துக்கிட்டேன்.

"அலமாரிச் சாவிய எங்கிட்டத் தராததுக்கு. மரகதவல்லி. எடுத்துக்கிட்டேன்.

"சாவியத் தந்த அன்னைக்கு, எதுக்கு இப்பத் தாரான்னு சந்தேகப்பட்டு ஒண்ணு போட்டேன். எடுத்துக்கிட்டேன். மரகதவல்லி."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றுபோனது. மரகதம் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். நிலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றியது, கால் வரவில்லை. ஒவ்வொரு தடவை அந்தப் பெயர் வந்தபோதும் தன்னைக் கூப்பிட்ட மாதிரி உடம்பு அதிர்ந்தது. கூப்பிட்டது தன்னை அல்ல. வேறொருத்தியை, அவளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம முகத்தத் திருப்பிக்கிட்டதுக்கு. பொறவுதான் தெரிஞ்சுது, அவுகளுக்குக் கூச்சம். நாலு பேர் இருந்தா வாய் வராது. தெரிஞ்சும் எடுக்கலை. இப்ப எடுத்துக்கிட்டேன்.

"எனக்கு வளைகாப்பு நடக்கலன்னு அழுதப்ப, தன் வளையலக் கழட்டி என் கையில போட்டதுக்கு. இரக்கமா படுதான்னு ஆத்திரம். எடுத்துக்கிட்டேன். மரகதவல்லி.

"காய்ச்சல்ல கெடந்த அன்னைக்கு, படுத்துக்கிட்டு வேலை ஏவுதான்னு ஒண்ணு. மரகதவல்லி..."

அதில் குரல் உடைந்தது. ஒருத்தியின் குடம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; அவள் குழாயை மூடவில்லை. வரிசையில் வயதான பெண்கள் மூன்று நான்கு பேர் தங்கள் குடங்களின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்கு யார் சொன்னது என்று தெரியாது. சண்முகத்தாய் எல்லாவற்றையும் தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டு போனாள். காரணம் தீர்ந்த பிறகு வெறும் பெயரைச் சொல்லி எடுத்தாள். விளக்கு மின்னி மின்னி அணைந்தது. குரல் கம்மிக் காற்றாக வந்தது. மரகதம் செம்பில் தண்ணீர் மோந்து கொண்டுபோய் நீட்டினாள். பக்கத்தில் வந்ததும் அவள் வில்லைக்குப் பெட்டி கொட்டியது. முன்னைவிடக் குறைவாக, விட்டு விட்டு. அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி பெட்டியைப் பார்த்து நின்றாள்.

"மரகதவல்லி..."

"ஏ, நிப்பாட்டு" என்றாள் பேச்சியம்மா.

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் கோபமாகப் பேசினாள்.

"நீயே அம்புட்டயும் எடுத்துட்டா எப்படி? அதுல என்னுதும் கெடக்கு. தள்ளு."

அவளுக்குப் பின்னால் இன்னொரு குடம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

சண்முகத்தாய் நகரவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வரிசையில வாங்க மயினி" என்றாள்.